குமரப் பருவத்தினரைத் தாக்கும் மூளைச் சவ்வுக் காய்ச்சல்: பெற்றோர் அறிய வேண்டுவன

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேவாரம் என்னும் பேரூர் அமைந்துள்ளது. இவ்வூரிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் ஆண்களும் பெண்களும் விடியுமுன் எழுந்து, ஜீப்புகளில் ஏறி, மலைமேலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். பொழுது சாயும் நேரத்தில்தான் அவர்கள் இறங்கி வருவர். வீட்டிலுள்ள பிள்ளைகள் தாமே எழுந்து, தாமே உண்டு, பள்ளிக்கோ கல்லூரிக்கோ போய்வருவர். விடுமுறை நாட்களில் அவர்களுள் சிலர் ஆடு மேய்க்கவும், விறகு பொறுக்கவும், தோட்ட வேலைக்குத் துணையாகவும் மலைச்சரிவுக்குப் போவதுண்டு.

ஏலம் பயிரிடுவோரின் கூர்மையான கண்ணை நாம் அறிவோம். தென்மேற்குப் பருவமழையின்போது காயில் அழுகல் தோன்றினால், அது ஒரு தூரில் தோன்றிய அன்றே அவர்கள் கண்டுகொள்வர். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பாரில்லை. பாதிக்கப்பட்ட பகுதியை நீக்கி, வடிகாலைச் சீர்செய்து, போர்டோ கலவை தெளித்துவிட்டே மறு வேலை பார்ப்பர். ஒரு நாள் தாமதித்தால் எத்தனை தூர்கள் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தக் கூர்மையும் விரைவும் நம் பிள்ளைகளுக்கு வரும் நோய்களிலும் வேண்டும். அத்தகைய விரைவை மற்ற நோய்கள் பலவற்றினும் மிகுதியாகக் கோருவது மூளைச் சவ்வுக் காய்ச்சல். சில வகைகளில் இந்நோய் நாட்கணக்கில் வளர்வதில்லை, மணிக்கணக்கில் வளர்கிறது. ஆதலின் இதன் தன்மையையும், இதற்கு நாம் செய்ய வேண்டுவதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நோயின் தன்மை

நம் மூளையையும் முதுகுத்தண்டினுள் செல்லும் நரம்புத் தண்டையும் மூன்று மெல்லிய சவ்வுகள் போர்த்தியுள்ளன. சவ்வுகளுக்கிடையே தெளிந்த நீர் ஒன்று நிறைந்து, மூளைக்கு மெத்தைபோல் அமைந்துள்ளது. இச்சவ்வுகளைக் கிருமிகள் பற்றும்போது அவை வீங்கிச் சிவந்து, உள்ளே அழுத்தம் மிகுகிறது. இதனையே மருத்துவர்கள் மெனிஞ்சைட்டிஸ் என்பர். மூளையின் சதையே வீங்குவது என்செபலைட்டிஸ் எனப்படும். பேச்சு வழக்கில் இரண்டையும் மூளைக் காய்ச்சல் என்றே சொல்கிறோம். நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டில் வேலூர்ப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இவற்றுள் இரண்டாம் இனத்தைச் சேர்ந்தது, கொசுவால் பரவுவது. பெயர் எதுவாயினும், அடையாளங்கள் பெரும்பாலும் ஒன்றே. பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்றே.

இந்நோயை உண்டாக்குவன பலவகைப்பட்டவை. முதலாவது, பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள். இவற்றுள் மெனிஞ்சோகாக்கஸ், நியுமோகாக்கஸ் என்ற இரண்டும் முதன்மையானவை. இவ்வகை மிகக் கொடியது. இது பற்றிய ஆறு பேரில் ஒருவர் இறப்பதாகவும், ஐவரில் ஒருவருக்குக் கடுமையான குறைபாடு நேர்வதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரண்டாவது, வைரஸ்கள். இவை தருவது பெரும்பாலும் தானே தணியும் காய்ச்சல். பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்குச் சில நாட்களில் கடுந்தலைவலியும் கழுத்து விறைப்பும் தோன்றினால் அதுவும் இவ்வகையினதாகலாம். மூன்றாவது, காசநோய்க் கிருமி. நான்காவது, உண்ணிக் காய்ச்சலின் கிருமி. ஐந்தாவது, மிக அரிதாக, நீரில் வாழும் அமீபா. எந்த வகை என்பதை வீட்டிலிருந்தவாறு ஒருவராலும் சொல்ல இயலாது. அதனை அறியும் இடம் மருத்துவமனையே.

குமரப் பருவத்தினருக்கு ஏன் அபாயம்?

இந்நோய் மிகுதியாகத் தாக்குவது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை. அடுத்தபடியாக மெனிஞ்சோகாக்கஸ் வகை குறிவைப்பது பதின்மூன்று வயது முதல் இருபதுகளின் தொடக்கம் வரையுள்ள பிள்ளைகளை. இக்கிருமி நலமுள்ளவர் சிலரின் மூக்கிலும் தொண்டையிலும் எவ்விதத் தீங்கும் செய்யாமல் தங்கியிருக்கும். அவ்வாறு தாங்கித் திரிவோர் குமரப் பருவத்தினரிடையே மிகுதி. இருமல், தும்மல், நெருங்கிய பழக்கம் ஆகியவற்றால் இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கிறது. விடுதியில் ஓர் அறையில் பலர் படுத்துறங்குவதும், புகையிலைப் புகையும் இதற்குத் துணை செய்கின்றன. டில்லியில் 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளில் இந்நோய் கொள்ளை நோயாகப் பரவிற்று. 2005-இல் நோயுற்ற நானூறுக்கும் மேற்பட்டோரில் இளைஞர் மிகுதியாக இருந்தனர்.

இதனினும் பெரிதான வேறோர் அபாயம் உண்டு. கைக்குழந்தை சோர்ந்தால் தாய் உடனே பதறுவாள். பதினாறு வயதுப் பையன் போர்வையை இழுத்து மூடிப் படுத்தால், "இரவெல்லாம் கைப்பேசி பார்த்தான், உறங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். பெண் பிள்ளை வெளிச்சம் வேண்டாமென்று அறைக்குள் அடைந்தால், தேர்வுக் கவலை என்கிறோம். எரிந்து விழுந்தால் வயதுக் கோளாறு என்கிறோம். பொருத்தமில்லாமல் பேசினால், குடித்திருப்பானோ என்று ஐயுறுகிறோம். அன்றேல் காற்றுக் கருப்பு அடித்தது என்று வேப்பிலை தேடுகிறோம். இவை யாவும் நோயின் அடையாளங்களாகவும் இருக்கக்கூடும். மேலும், இவ்வயதினர் தம் உடல்நிலையைப் பெற்றோரிடம் எளிதில் சொல்வதில்லை. ஆகவே காய்ச்சலோடு நடத்தையில் மாறுதல் சேர்ந்து வருமானால், கடிந்து கொள்வதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது நன்று.

அடையாளங்கள்

பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டிய அடையாளங்கள் வருமாறு:

1. காய்ச்சலுடன், இதற்குமுன் கண்டிராத கடுமையான தலைவலி.

2. கழுத்து விறைப்பு. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, மோவாயை மார்பில் தொடச் சொன்னால், வலியால் தொட முடியாமை.

3. ஓயாத வாந்தி. வயிற்றுக் கோளாறு எதுவும் இல்லாதிருந்தும் வாந்தி நிற்காமை.

4. வெளிச்சத்தைக் கண் பொறுக்காமை.

5. மயக்கம் போன்ற உறக்கம், எழுப்பினால் எழாமை, குழப்பமான பேச்சு, ஆளை அடையாளம் தெரியாமை, வலிப்பு.

6. தோலில் சிவந்த அல்லது ஊதா நிறப் புள்ளிகள். கண்ணாடித் தம்ளரின் பக்கத்தை அதன்மேல் வைத்து அழுத்தினாலும் அவை மறையாதிருக்கும். கருத்த தோலில் இவை எளிதில் தெரியா. ஆதலின் உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் பார்த்தல் வேண்டும்.

7. காய்ச்சலிருந்தும் கைகால்கள் சில்லிடுதல், கைகால்களில் கடும் வலி, மூச்சு வாங்குதல். கிருமி இரத்தத்தில் கலந்தமைக்கு இவை அறிகுறியாகலாம்.

இவை அனைத்தும் ஒருங்கே தோன்றுமென்று காத்திருத்தல் கூடாது. தொடக்கத்தில் சாதாரணச் சளிக்காய்ச்சல் போன்றே இருக்கும். கழுத்து விறைக்காமலும், புள்ளிகள் தோன்றாமலும் இந்நோய் இருப்பதுண்டு. காய்ச்சலும் கடுந்தலைவலியும் உள்ள பிள்ளைக்கு மேற்கூறியவற்றுள் வேறொன்று சேர்ந்தாலே அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். விடியட்டும், முதல் பேருந்து வரட்டும், மலையிலிருந்து தகப்பனார் இறங்கி வரட்டும் என்று கழிக்கும் மணிநேரங்களே உயிரைக் கவர்வன.

மலைச்சரிவும் உண்ணிக் காய்ச்சலும்

நம் பகுதி மக்கள் தனியே அறிய வேண்டியது உண்ணிக் காய்ச்சல். இதனை மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பர். இரண்டாம் உலகப் போரின்போது அசாம், பர்மா எல்லைக் காடுகளில் இந்நோய் படைவீரர் பலரைத் தாக்கியது. இன்று தென்னிந்திய மருத்துவமனைகளில் காய்ச்சலோடு மூளைச் சவ்வு பாதிக்கப்பட்டு வருவோரிடையே இது ஒரு முக்கிய காரணமாகக் காணப்படுகிறது. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் இது வருகிறது. அப்புழு கண்ணுக்கு எளிதில் புலப்படாது, கடித்ததும் தெரியாது. காடும் விளைநிலமும் சந்திக்கும் ஓரங்களும், களை மண்டிய தரிசுகளும், எலிகள் மிகுந்த இடங்களும் அதற்கு ஏற்றவை. நம் மலையடிவாரம் எத்தகையது என்பதை நாம் அறிவோம். தமிழ்நாட்டில் மழைக்காலத்தை ஒட்டியும் அதனை அடுத்த குளிர்ந்த மாதங்களிலும் இந்நோய் மிகுதியாக வருகிறது.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்திற்குள் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் தோன்றும். பலருக்குக் கடித்த இடத்தில் பீடியால் சுட்டாற் போன்ற கருநிறப் பொருக்கு ஒன்று இருக்கும். அது வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பின் அடிப்புறம் முதலிய மறைவான இடங்களிலேயே பெரும்பாலும் இருப்பதால், பிள்ளைகள் அதனைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் நாணத்தால் சொல்வதில்லை. தாயோ தந்தையோ பரிவுடன் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

இந்நோயில் நமக்குள்ள நல்வாய்ப்பு, டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் விலை மலிந்த மருந்துகளே இதனைக் குணப்படுத்தும் என்பது. நோய் முற்றிய நிலையில் இவ்விரண்டையும் சேர்த்து நரம்பின் வழியே செலுத்துவது தனித்தனியே தருவதினும் மேலான பயன் தருகிறது என்பதை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் பிற இந்திய மருத்துவமனையினரும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 2023-இல் காட்டிற்று. ஆனால் இங்கு ஒரு நுட்பம் உள்ளது. மற்றக் கிருமிகளால் வரும் மூளைச் சவ்வுக் காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி உண்ணிக் காய்ச்சலின் கிருமியை அழிப்பதில்லை. எனவே, "பிள்ளை சென்ற வாரம் மலைக்குப் போனான், புதரில் ஆடு மேய்த்தான்" என்ற ஒரு சொல்லைப் பெற்றோர் மருத்துவரிடம் சொல்வது, ஒரு மருந்துக்கு ஈடான பயனைத் தரும்.

மலைக்குச் செல்வோர் முழுக்கைச் சட்டையும் கணுக்கால் மூடிய உடையும் அணிதல், புல்தரையில் வெறுமனே படுக்காதிருத்தல், துணிகளைப் புதரின்மேல் உலர்த்தாதிருத்தல், வீடு திரும்பியதும் சோப்பிட்டு உடலைத் தேய்த்துக் குளித்தல், அணிந்த துணிகளை வெந்நீரில் துவைத்தல் ஆகியவற்றால் இதனைப் பெரிதும் தவிர்க்கலாம்.

நீர்நிலையும் அமீபாவும்: அண்டை மாநிலப் படிப்பினை

மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில், 2024-ஆம் ஆண்டில், அமீபாவால் வரும் மூளைக் காய்ச்சலுக்குச் சிறுவர் சிலர் பலியாயினர். வெதுவெதுப்பான தேங்கிய நன்னீரில் வாழும் நேக்ளேரியா என்னும் அமீபா, குளிப்பவரின் மூக்கு வழியே புகுந்து மூளையை அடைவதால் இந்நோய்களுள் மிகக் கொடியது தோன்றுகிறது. அந்நீரைக் குடிப்பதால் இது வருவதில்லை; ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. மிக அரிய நோய். ஆயினும் வந்தவர் பிழைப்பது மிக அரிது.

அவ்வாண்டில் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் இந்நோயினின்று பிழைத்தான். உலகில் இவ்வாறு பிழைத்தோர் மிகச் சிலரே. அவன் தந்தை கறவை மாடு வைத்துப் பிழைப்பவர். இந்நோயைப் பற்றிய செய்தியை அவர் முன்னமே படித்திருந்தார். மகனுக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்து வலிப்புக் கண்டதும் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். முதல் இரு மருத்துவமனைகளில் வசதி போதாமையால் கோழிக்கோடு நகருக்குக் கொண்டுபோனார். நோய் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பு மகன் ஊர்க்குளத்தில் நீந்தியதை அங்குள்ள மருத்துவர்களிடம் தாமே எடுத்துரைத்தார். உடனே அதற்குரிய சோதனை செய்யப்பட்டு, உரிய மருந்துகள் தொடங்கப்பட்டன. மருத்துவர்களின் திறமை இங்குப் போற்றத்தக்கதே. அத்திறமைக்கு வழிகாட்டியது ஓர் எளிய தகப்பனாரின் விழிப்பும் வாய்ச்சொல்லும் என்பதை நாம் மறத்தலாகாது.

நம் பிள்ளைகள் கண்மாயிலும் கிணற்றிலும் நீந்துவதைத் தடை செய்ய வேண்டுமென்று நாம் கூறவில்லை. கோடையில் வற்றிச் சூடேறிய குட்டைகளில் தலைகீழாகப் பாய்வதையும், அடிச்சேற்றைக் கலக்கி விளையாடுவதையும், மூக்கினுள் நீர் ஏறும்படி முங்குவதையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும். மூக்கைச் சுத்தம் செய்யக் காய்ச்சி ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

மெல்ல வரும் வகை

காசநோய்க் கிருமியால் வரும் மூளைச் சவ்வுக் காய்ச்சல் பதுங்கி வரும் பகை போன்றது. இரண்டு, மூன்று வாரங்கள் இலேசான காய்ச்சல், ஓயாத தலைவலி, பசியின்மை, உடல் மெலிவு, படிப்பில் நாட்டமின்மை, சிடுசிடுப்பு என்று தொடங்கும். பிறகே வாந்தியும் கழுத்து விறைப்பும் பார்வைக் கோளாறும் தோன்றும். குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் காப்பு இவ்வயதில் பெரிதும் குறைந்துவிடுகிறது. வீட்டிலோ அடுத்த வீட்டிலோ நெடுநாள் இருமல் உள்ளவர் இருந்தால் அதனையும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். மூளைச் சவ்வைப் பற்றிய காசநோய்க்கு மருந்தை 9 முதல் 12 மாதங்கள் வரை இடைவிடாது உட்கொள்ள வேண்டும். உடல் தேறியதென்று இடையில் நிறுத்துதல் பெருந்தீங்கு.

நெடுநாள் சீழ் வடியும் காதும் இந்நோய்க்கு ஒரு வாயில். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக் காலம் கழிக்காமல், காது மருத்துவரிடம் காட்டிக் குணப்படுத்திக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியன, செய்யத்தகாதன

ஐயம் தோன்றியதும் 108-ஐ அழைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையமோ போடியிலுள்ள அரசு மருத்துவமனையோ எது அருகிலிருக்கிறதோ அங்கே முதலில் காட்டலாம். அங்குள்ள மருத்துவர் முதல் ஊசி போட்டு, க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால், வீட்டிற்குத் திரும்பிப் போய் ஆலோசிக்காமல் அவ்வண்டியிலேயே செல்ல வேண்டும். தோட்டத்தில் தங்கி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு மலைமேல் நோய் கண்டால், சொந்த ஊருக்குக் கொண்டு வருவதற்காக மலையிறங்கும் நேரத்தை வீணாக்காமல், கேரளப் பகுதியில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் உடனே சேர்த்தல் நலம். நோய்க்கு மாநில எல்லை இல்லை.

மருத்துவரிடம் கேளாமலே சொல்ல வேண்டிய செய்திகள் ஐந்து. காய்ச்சல் என்று, எந்நேரத்தில் தொடங்கியது. சென்ற மூன்று வாரங்களில் பிள்ளை மலைக்கோ நீர்நிலைக்கோ விடுதிக்கோ வெளியூருக்கோ சென்றதுண்டா. இதுவரை கொடுத்த மாத்திரைகள் யாவை. வீட்டில் நெடுநாள் இருமலோ காய்ச்சலோ உடையவர் உண்டா. காதில் சீழ், தலையில் அடி, முன்பு போட்ட தடுப்பூசி ஆகியவற்றின் விவரம் யாது. மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். கடையில் தாமே வாங்கிக் கொடுத்த கிருமிக்கொல்லி மருந்து இரண்டொரு வேளை உள்ளே சென்றிருந்தால், நோய் தீராமலே சோதனையில் கிருமி அகப்படாமற் போகலாம். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருபக்கமாகப் படுக்க வைக்கவும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. வாயில் கரண்டியோ துணியோ திணிப்பது ஆபத்து. மயங்கிய பிள்ளைக்கு நீரோ காப்பியோ புகட்டினால் மூச்சுக்குழலில் ஏறிவிடும். மந்திரிப்பதும் தாயத்துக் கட்டுவதும் அவரவர் நம்பிக்கை. அவை மருத்துவமனைக்குப் போகும் வண்டியைத் தாமதப்படுத்தாதிருக்க வேண்டும்.

முதுகில் நீர் எடுப்பது பற்றிய அச்சம்

நோயின் வகையை அறிய, முதுகின் கீழ்ப்புறத்தில் மெல்லிய ஊசியால் சவ்வுநீரைச் சிறிது எடுத்துச் சோதிப்பர். இதற்கு ஒப்புக்கொள்ளாமல் பிள்ளையை எழுப்பிக்கொண்டு போகும் பெற்றோர் இன்றும் உளர். கால் விளங்காமற் போகும் என்பது அவர்கள் அச்சம். இவ்வச்சத்திற்கு அடிப்படை இல்லை. நரம்புத் தண்டு இடுப்பெலும்பின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழேதான் செலுத்தப்படுகிறது. உடலிலுள்ள சவ்வுநீர் ஏறத்தாழ 150 மில்லி; நாளொன்றுக்கு உடல் புதிதாகச் சுரப்பதோ ஏறத்தாழ 500 மில்லி. எடுத்த சில மில்லியும் விரைவில் ஈடுசெய்யப்படும். சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கலாம். சோதனை செய்வதில் அபாயம் இருக்குமாயின், மருத்துவர்கள் தாமே அதனைத் தள்ளிவைப்பர். ஆனால் மருந்தைத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

தடுப்பூசியின் நிலை

பென்டாவேலன்ட் எனப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசி, 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கப்பட்டது. குழந்தைகளுக்கு மூளைச் சவ்வுக் காய்ச்சல் தரும் ஹிப் என்னும் கிருமியை இது தடுக்கிறது. நியுமோகாக்கஸ் தடுப்பூசி 2021-இல் தமிழ்நாட்டில் பொதுத் தடுப்பூசிகளோடு சேர்க்கப்பட்டது. ஆகவே வீட்டிலுள்ள கைக்குழந்தைகளுக்கு ஒரு தவணையும் தவறாமல் போடுதல் பெற்றோர் கடன். ஆனால் இன்றைய குமரப் பருவத்தினருக்கு நியுமோகாக்கஸ் தடுப்பூசி குழந்தைப் பருவத்தில் பொதுத்திட்டத்தில் கிடைக்கவில்லை. மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசி நம் நாட்டின் பொது அட்டவணையில் இல்லை. ஹஜ் யாத்திரை செல்வோரும், வெளிநாடுகளில் விடுதியில் தங்கிப் படிக்கச் செல்லும் மாணவரும், மண்ணீரல் நீக்கப்பட்டோரும் மருத்துவரைக் கேட்டு அதனைப் போட்டுக்கொள்ளல் வேண்டும்.

பிற நாடுகளின் அனுபவம் நமக்கு நம்பிக்கை தருகிறது. பிரிட்டனில் 1999-இல் 'சி' வகை மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசியைக் குழந்தைகளுக்கும் குமரப் பருவத்தினருக்கும் முதலில் போட்டனர். போட்டுக்கொண்டவர் காக்கப்பட்டதோடு, குமரப் பருவத்தினரின் தொண்டையில் கிருமி தங்குவது குறைந்ததால், போடாதோரிடையேயும் நோய் குறைந்தது. ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரை பரந்த நிலப்பகுதியில் 'ஏ' வகை நோய் ஆண்டுதோறும் அஞ்சத்தக்கதாக இருந்தது. நம் புனே நகரிலுள்ள சீரம் நிறுவனம் குறைந்த விலையில் தயாரித்த தடுப்பூசி 2010 முதல் அங்கே போடப்பட்டது. அவ்வகை நோய் ஏறத்தாழ ஒழிந்தது. 2030-க்குள் இந்நோயின் கொடுமையை உலகெங்கும் ஒடுக்க வேண்டுமென்று 2020-இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானித்துள்ளது.

நோய் நீங்கிய பின்

பிழைத்து வந்த பிள்ளையின் கவனிப்பு மருத்துவமனை வாயிலோடு முடிவதில்லை. செவித்திறன் குறைதல் இந்நோயின் முக்கிய எச்சம். வீடு திரும்புவதற்கு முன்போ, திரும்பிய நான்கு வாரங்களுக்குள்ளோ காதுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மறதி, களைப்பு, எரிச்சல், படிப்பில் பின்னடைவு ஆகியவை சில மாதங்கள் இருக்கலாம். ஆசிரியரிடம் இதனைத் தெரிவித்தால், சோம்பேறி என்ற பெயர் பிள்ளைக்கு வாராது. வந்தது மெனிஞ்சோகாக்கஸ் என்று மருத்துவர் உறுதி செய்தால், ஒரே வீட்டில் அல்லது ஒரே அறையில் இருந்தோர் தடுப்பு மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். ஊரார் அனைவரும் அஞ்சி அவ்வீட்டை ஒதுக்கி வைக்கக் காரணமில்லை.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

இந்நோயை ஊராட்சியால் குணப்படுத்த முடியாது; இழக்கும் மணிநேரங்களைக் குறைக்க முடியும். அதற்கு வழிகள் சில: கிராமசபைக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு மேற்கூறிய அடையாளங்களை எடுத்துரைக்கச் செய்யலாம். 108 என்ற எண்ணையும், இரவில் வண்டி தரக்கூடியவர் பெயர்களையும் நியாயவிலைக் கடையிலும் ஜீப்புகள் நிற்கும் இடத்திலும் எழுதி வைக்கலாம். பெற்றோர் இருவரும் தோட்டத்திற்குச் செல்லும் வீடுகளில், பிள்ளைக்கு நோய் கண்டால் யார் பொறுப்பெடுத்துக் கொண்டுசெல்வது என்பதை ஒவ்வொரு தெருவிலும் முன்கூட்டியே பேசி வைக்கலாம். பள்ளியையும் விடுதியையும் சுற்றியுள்ள புதர்களை மழைக்கு முன் அகற்றி, குப்பையை நீக்கி, எலிப்பெருக்கத்தைத் தடுக்கலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது.

ஏலக்காயின் விலை ஏறும், இறங்கும். ஒரு பருவம் அழுகலால் போனால் மறு பருவம் ஈடு செய்யும். பதினைந்து ஆண்டுகள் வளர்த்த பிள்ளைக்கு மறு பருவம் இல்லை. காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, அறிவு தடுமாறினாலோ, அன்றிரவே புறப்படுவோம். பிள்ளை எங்கெல்லாம் சென்றான், என்ன செய்தான் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்வோம். இவ்விரண்டும் நம் கையில் உள்ளவை.